தர்மபுரி பக்கம் ஒரு ஸ்காலர்ஷிப் டிரஸ்ட், எங்க பாப்பாவுக்கு கெடச்ச அனுபவம் (5க்கு 4)

மொதல்லயே சொல்லிடறேன், டிரஸ்ட் பேரு போடல. போட வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. வருஷத்துக்கு இருவது இருவத்தஞ்சு புள்ளைங்களுக்கு மேல அவங்களால முடியாதாம், பேரு வெளிய போனா ஃபார்ம் வந்து குமிஞ்சிடும், ஒவ்வொரு வீட்டுக்கும் நேர்ல போயி பாக்க ஆள் பத்தாதுன்னு சொன்னாங்க, அதுவும் நியாயந்தான். நம்ம மாவட்டத்துல இருக்கற அரசு பள்ளிக்கூட ஹெச்எம்ங்க நெறைய பேருக்கு தெரியும், அங்க கேளுங்க. ரிடையர்டு வாத்தியாருங்க நாலஞ்சு பேரும், இங்க படிச்சிட்டு இப்ப ஓசூர் பெங்களூர்ல வேலை பாக்கறவங்க கொஞ்ச பேரும் சேந்து நடத்தறாங்க, தர்மபுரி டவுன்ல ஒரு பழைய வீட்டு மாடிதான் ஆபீஸ், போர்டு கூட கெடையாது.

பாப்பான்னு சொல்றது எங்க அக்கா பொண்ண, 2025ல பிளஸ் டூ முடிச்சுது. ஊரு பாலக்கோடு பக்கம், அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் மீடியம், காமர்ஸ் குரூப்பு. மே 8ம் தேதி ரிசல்ட்டு, 600க்கு 551. அவங்கப்பா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவாரு. அக்கா தக்காளி பறிக்க போகும், 100 நாள் வேலை போட்டா அதுக்கும் போகும். புள்ளைக்கு பி.காம் படிச்சு சிஏ எழுதணும்னு பத்தாவதுலருந்தே ஆசை, கோயமுத்தூர்ல ஒரு நல்ல காலேஜ்ல சீட்டும் கெடச்சுடுச்சு, ஆனா ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ்ஸுன்னு கூட்டிப் பாத்தா வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கிட்ட போகுது, அக்கா என்ன பாக்குது, நான் அக்காவ பாக்கறேன்.

இங்கதான் நெறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கு. இதே புள்ள இஞ்சினியரிங் போட்டு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு வாங்கியிருந்தா படிப்புக் கட்டணம் ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டிடும். மெடிக்கலுக்கு 2020ல வந்துச்சு, இஞ்சினியரிங், விவசாயம், வெட்னரி, சட்டம் இதுக்கெல்லாம் 2021ல வந்துச்சு. அரசு பள்ளில ஆறாவதுலருந்து படிச்ச புள்ளைங்களுக்கு அது பெரிய வரம், இல்லன்னு சொல்லவே மாட்டேன். ஆனா பி.காம், பி.எஸ்சி, பி.ஏ படிக்கற புள்ளைக்கு அது கெடையாது. அரசு பள்ளில படிச்சுட்டு காலேஜ் போற பொண்ணுங்களுக்கு அரசாங்கம் குடுக்கற புதுமைப் பெண் 1000 ரூபா மாசாமாசம் வருது, பாப்பாவுக்கும் வருது, அது சோப்பு சீப்பு பஸ் செலவுக்கு சரியா இருக்குது, காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. இந்த எடத்துல மாட்டிக்கிட்டு நிக்கற புள்ளைங்களுக்குத்தான் இந்த மாதிரி டிரஸ்ட்டு தேவை, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இவங்கள கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துக்கு போனோம். அதோட பேரும் வேணாம். அங்கயும் "சேவை மனப்பான்மை உள்ள மாணவர்களுக்கு"ன்னுதான் நோட்டீஸ் அடிச்சிருந்தாங்க. ஃபார்ம்ல சேவை சர்டிபிகேட்டு கொறஞ்சது அஞ்சு இருக்கணும்னு போட்டிருந்துச்சு. பாப்பாகிட்ட இருந்தது ஒரே ஒண்ணு, ஸ்கூல்ல என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏழு நாள் கேம்ப் போனது. கவுன்டர்ல இருந்தவரு அத பாத்துட்டு இது பத்தாதும்மா, எங்கயாவது போயி வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாரு. எங்க வாங்கறதுன்னு கேட்டா, மரம் நட்டோம்னு ரத்ததான முகாம்ல நின்னோம்னு எழுதித் தர்றவங்க இருக்காங்க, 300 ரூபா 500 ரூபா ஆகும்னு பக்கத்துல நின்ன ஒருத்தர் காதோட சொன்னாரு. பாப்பா ஒண்ணுமே பேசல, ஃபார்ம மடிச்சு பைக்குள்ள வெச்சுட்டு வா மாமா போலாம்னுச்சு. பஸ் ஏறினப்புறம் அழுதுச்சு. காசு கேட்டாங்கன்னு இல்ல, "நான் பண்ணதெல்லாம் எங்கயும் எழுதி வெக்கலையே மாமா"ன்னு அழுதுச்சு. எனக்கு அன்னிக்கு நைட்டு ஷிப்ட்ல வேலையே ஓடல.

புள்ள என்ன பண்ணுச்சுன்னு சொல்லணும். 2023ல மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியற முகாம மொதல்வரு நம்ம தொப்பூர்லதான் ஆரம்பிச்சு வெச்சாரு, ஜூலை மாசம், செப்டம்பர்லருந்து பணம் வர ஆரம்பிச்சுது. அப்ப பாப்பா பதினொண்ணாவது. அதுவரைக்கும் பேங்க் பக்கமே போகாத பொம்பளைங்க கூட பாஸ்புக்க எடுத்துக்கிட்டு வந்து நிக்கறாங்க, அதுக்கு மேல முதியோர் பென்ஷன் 1200 வாங்கற ஆயாங்க, 100 நாள் வேலை சம்பளம் வந்திருக்குதான்னு பாக்க வர்றவங்க. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவு கம்மி நம்ம தர்மபுரி மாவட்டந்தான், 68.5 சதவீதம். அந்த நம்பர் என்னன்னு தெரியணும்னா மாசத்து மொத வாரத்துல பேங்க் வாசப்படில ஒரு மணி நேரம் நின்னா போதும், பணம் எடுக்கற ஸ்லிப்ப கையில வெச்சுக்கிட்டு எழுதித் தர யாராச்சும் வருவாங்களான்னு போறவர்றவங்க மொகத்தையே பாத்துட்டு இருப்பாங்க. ஸ்லிப்புக்கு இருவது ரூபா வாங்கிட்டு எழுதித் தர்றவங்களும் உண்டு. பாப்பா மொதல்ல எங்க ஆயாவ கூட்டிக்கிட்டு போச்சு, அவங்களுக்கு எழுதுனத பாத்துட்டு பக்கத்துல இருந்தவங்க எனக்கும் எழுதும்மான்னாங்க, அப்புடியே ரெண்டு வருஷம். ரெண்டாவது நாலாவது சனிக்கெழம பேங்க் லீவு, மத்த சனிக்கெழம காலைல ஒம்பதரைக்கு போயி வராண்டால ஒக்காந்துக்கும். ஒரு பேனா, ஒரு ஈரத் துணி. துணி எதுக்குன்னா கைநாட்டு வெச்சப்புறம் மை தொடைக்க, இல்லன்னா ஆயாங்க சேலையில தொடச்சுக்கறாங்க, கறை போகமாட்டேங்குதுன்னு சொல்லும். காசு வாங்காது. அவரக்கா, நாலு கொய்யா, ஒரு படி வேர்க்கடல இப்புடி எதாச்சும் வீட்டுக்கு வரும், அக்கா திட்டும், எதுக்குடி வாங்கறன்னு, வாங்கலன்னா அவங்க கோச்சுக்கறாங்கம்மான்னு சொல்லும்.

இத சேவைன்னு புள்ளைக்கே தெரியல. எங்களுக்கும் தெரியல. படிக்கற நேரத்துல அங்க போயி ஒக்காந்துக்கிட்டு இருக்கியேன்னு நானே ரெண்டு வாட்டி சத்தம் போட்டிருக்கேன்.

ஸ்கூல் ஹெச்எம் மேடம்தான் இந்த டிரஸ்ட்ட பத்தி சொல்லி ஃபார்ம் குடுத்தாங்க. நாலு பக்கம், முழுக்க தமிழ்ல. மார்க்கு 75 சதவீதத்துக்கு மேல, வருமானச் சான்று, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இதெல்லாம் எல்லா எடத்துலயும் கேக்கறதுதான். சர்டிபிகேட்டு ஒட்டற எடமே இல்ல. அதுக்கு பதிலா, "உங்களால் உதவி பெற்ற இருவர் பெயர், அவர்கள் உறவினராகவோ ஆசிரியராகவோ இருக்கக் கூடாது"ன்னு ஒரு கேள்வி. பாப்பா ரெண்டு ஆயாங்க பேரு எழுதுச்சு, ஃபோன் நம்பர்னு இருந்த எடத்துல "போன் கிடையாது, சனிக்கிழமை பேங்க்கில் இருப்பார்கள்"னு எழுதுச்சு. நான் பயந்தேன், இப்புடி எழுதுனா தூக்கி போட்டுடுவாங்கன்னு.

தூக்கி போடல. ஜூன் மூணாவது சனிக்கெழம டிரஸ்ட்லருந்து ஒரு சாரும் ஒரு அக்காவும் வந்தாங்க, வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நேரா பேங்குக்கே போயிருக்காங்க. இது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். பாப்பா அன்னிக்கு அங்க இல்ல, டிசி வாங்க ஸ்கூலுக்கு போயிருந்துச்சு. வராண்டால இருந்த ஆயாங்ககிட்ட போயி சும்மா விசாரிக்கற மாதிரி, இங்க ஒரு பொண்ணு ஸ்லிப் எழுதித் தருமாமேன்னு கேட்டிருக்காங்க. ஒரு ஆயா சொன்னத அந்த அக்கா நோட்டுல அப்புடியே எழுதி வெச்சு எங்க வீட்டுல படிச்சு காட்டுனாங்க: "அந்தப் புள்ளையா, பணத்த எண்ணி எங்கையில குடுத்துட்டு, என்னைய நம்பாதீங்க ஆயா நீங்க ஒருவாட்டி எண்ணுங்கன்னு சொல்லும். எனக்கு எண்ணத் தெரியாதுடின்னா, பத்து பத்தா அடுக்கி வெச்சு எண்ணவே கத்துக் குடுத்துடுச்சு." எங்க அக்கா அடுப்படில நின்னுக்கிட்டு கேட்டுச்சு. எங்க வீட்டுக்கே தெரியாத விஷயம் அது.

என்எஸ்எஸ் கேம்ப்ப பத்தியும் கேட்டாங்க, கொறச்சு பேசல. 1969ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல ஆரம்பிச்சது என்எஸ்எஸ், நல்ல பழக்கம் கத்துக் குடுக்குது, ஆனா அது ஸ்கூல் கூட்டிக்கிட்டு போனது, யாரும் கூப்புடாதப்ப நீ என்ன பண்ணுனங்கறதுதான் எங்களுக்கு தெரியணும்னு அந்த சார் சொன்னாரு.

அடுத்து இன்டர்வியூ, டவுன் ஆபீஸ்ல. மூணு பேரு ஒக்காந்திருந்தாங்க, நான் வெளிய பெஞ்சுல. கதவு தொறந்துதான் இருந்துச்சு, எல்லாம் காதுல விழுந்துச்சு. படிப்பு, வீடு, ஏன் பி.காம்னு கேட்டுட்டு, ஒரு பெரியம்மா, ரிடையர்டு கணக்கு டீச்சராம், "உன்னால யாருக்காச்சும் கஷ்டம் வந்திருக்குதாம்மா?"ன்னு கேட்டாங்க. நான் மனசுக்குள்ள இல்லன்னு சொல்லிடு பாப்பான்னு சொல்லிக்கறேன். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு சொல்லுச்சு, ஒருக்கா ஒரு ஆயாவுக்கு அக்கவுன்ட் நம்பர்ல 6க்கு பதிலா 0ன்னு எழுதிட்டேன், கவுன்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடியும் வரிசைல நின்னு பணம் வாங்கறதுக்குள்ள மத்தியான பஸ் போயிடுச்சு, வெயில்ல நாலு கிலோமீட்டர் நடந்து போனாங்க, நான் சாரி கேட்டப்ப பரவால்ல கண்ணுன்னாங்க, அதுலருந்து நம்பர எழுதிட்டு பாஸ்புக்க பாத்து ஒவ்வொண்ணா வாய்விட்டு படிச்சுட்டுத்தான் குடுப்பேன் மேடம். சொல்லும்போது கொரல் ஒடஞ்சுடுச்சு. அந்த டீச்சரம்மா தண்ணி எடுத்துக் குடுத்தாங்க. உபதேசம் எதுவும் பண்ணல, பேனாவ எடுத்து எழுதிக்கிட்டாங்க, அவ்ளோதான்.

எங்க கம்பெனி மேனேஜரோட சொந்தக்காரங்க அமெரிக்காவுல இருக்காங்க, அங்க ஸ்கூல் முடிக்கற புள்ளைங்களுக்கு மார்க்கோட சேத்து ஊருக்கு என்ன பண்ணுனன்னு பாத்து ஸ்காலர்ஷிப் குடுக்கறது ரொம்ப நாளா இருக்குதுன்னு சொன்னாரு, கோகோ கோலா காசுல வருஷத்துக்கு 150 புள்ளைங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் குடுக்கறாங்களாம். இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பு நூறு வருஷத்துக்கும் மேல, அதுலயும் குணத்த பாக்கறாங்க. அதெல்லாம் பெரிய பெரிய எடம். பாலக்கோடு பேங்க் வராண்டாவுக்கு நேர்ல வந்து ஒரு ஆயாகிட்ட விசாரிச்சாங்களே, எனக்கு அதுதான் பெருசு.

ஜூன் கடைசில செலக்ட் ஆயிடுச்சுன்னு ஃபோன் வந்துச்சு. காசு விஷயம் எப்புடின்னா, காலேஜ் ஃபீஸும் ஹாஸ்டல் ஃபீஸும் நேரா காலேஜ் அக்கவுன்ட்டுக்கு போகும், மெஸ்ஸுக்கு மட்டும் மாசம் 3000 புள்ளையோட அக்கவுன்ட்டுக்கு வரும். மூணு வருஷத்துக்கும். நன்றி லெட்டர் எழுது, மேடைல ஏறி ஃபோட்டோவுக்கு நில்லு, பெரிய செக்க புடின்னு எதுவும் கெடையாது, இதுக்கே ஒரு ஸ்டார் தனியா குடுக்கலாம். வயசுப் புள்ளைங்கள ஊர் முன்னாடி ஏழைன்னு நிக்க வெச்சு காசு குடுக்கறத நான் பாத்திருக்கேன், எனக்கு வயிறு எரியும். கண்டிஷன் ரெண்டுதான். ஒண்ணு அரியர் விழுந்தா மறைக்காம சொல்லணும், காச நிறுத்த மாட்டாங்க, டியூஷனுக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. இன்னொண்ணு வருஷத்துக்கு 40 மணி நேரம் யாருக்காச்சும் எதாச்சும் செய்யணும், என்னன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. அதுக்கும் சர்டிபிகேட்டு கெடையாது, மாசம் ஒருக்கா ஃபோன் பண்றப்ப சொன்னா போதும். பாப்பா ஹாஸ்டல்ல சமையக்கட்டுல வேலை பாக்கற ரெண்டு அக்காங்களுக்கு கையெழுத்து போட கத்துக் குடுக்குது.

இப்ப கொறைய சொல்றேன்.

மொத தவணை லேட்டு. காலேஜ்ல கடைசி தேதி ஜூன் 30, பணம் வந்தது ஜூலை ரெண்டாவது வாரம். எங்க வீட்டுக்காரி கம்மல அடகு வெச்சுத்தான் கட்டுனோம், அப்புறம் மீட்டாச்சு, ஆனா அடகு வெக்க கம்மல் இல்லாத வீடும் இருக்குதே. நான் நேர்ல போயி சொன்னேன், தப்புதான், எங்க ஆளுங்க மார்ச்லயே காசு சேக்க ஆரம்பிச்சிருக்கணும்னு ஒத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணுதான் எனக்கு மனசு ஆறல. எங்க ஊரு பையன் ஒருத்தன், பாப்பாவோட கிளாஸ்தான், 498 மார்க்கு. அப்பா இல்ல, அம்மாவுக்கு முடியாது, கீழ ரெண்டு தங்கச்சி. எட்டாவதுலருந்து பாலக்கோடு தக்காளி மண்டில விடியக்காலம் மூணு மணிக்கு பொட்டி எறக்கிட்டு, வீட்டுக்கு வந்து களி கிண்டி வெச்சுட்டு, தங்கச்சிங்களுக்கு தல வாரி விட்டு ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, அப்புறம் இவன் ஸ்கூலுக்கு வருவான். அவனும் ஃபார்ம் போட்டான். உதவி பெற்ற இருவர், உறவினர் கூடாதுங்கற கேள்விகிட்ட என்ன எழுதறதுன்னு தெரியாம காலியா விட்டுட்டான். இன்டர்வியூவுக்கு கூப்புடவே இல்ல. ஊருக்கு செய்ய அவனுக்கு நேரம் எங்க இருந்துச்சு? வீட்டுல நாலு உசுரையும் அவன்தான தூக்கி சொமந்தான், அது குணம் இல்லையா, அது சேவை இல்லையா? பக்கத்து வீட்டுக்கு பண்ணா எழுதலாம், அம்மாவுக்கு பண்ணா எழுதக் கூடாதுன்னா அந்த கேள்வியிலதான் தப்பு இருக்கு. சனிக்கெழம ரெண்டு மணி நேரம் பேங்க்ல ஒக்காரவும் ஒரு வசதி வேணும், எங்க பாப்பாவுக்கு அந்த வசதி இருந்துச்சு, அக்கா சமைச்சு வெச்சுடும். அவனுக்கு இல்ல. இப்ப தர்மபுரி கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கறான், புதுமைப் பெண் மாதிரியே பசங்களுக்கு குடுக்கற தமிழ்ப் புதல்வன் 1000 ரூபா வருது, மண்டிக்கு இன்னும் போறான்.

இத அப்புடியே ரெண்டு பக்கம் லெட்டரா எழுதி டிரஸ்ட்டுக்கு குடுத்தேன். ஒரு ஸ்டார் கொறச்சது இதுக்குத்தான்.

ஃபார்ம் போடப் போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். வருமானச் சான்று, சாதிச் சான்றெல்லாம் ரிசல்ட்டுக்கு முன்னாடியே இ-சேவைல போட்டு வெச்சுக்கோங்க, ஒண்ணுக்கு 60 ரூபா, மே கடைசில போனா கூட்டம் தாங்காது. புள்ள பேருல பேங்க் அக்கவுன்ட்டு இருந்தா மட்டும் பத்தாது, ஆதார் லிங்க் ஆயிருக்குதான்னு பேங்க்லயே கேட்டுக்கோங்க, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் நெறைய பேருக்கு வராம நிக்கறது அங்கதான். பிளஸ் டூல நல்ல மார்க்கு எடுத்தவங்களுக்கு மத்திய அரசு ஸ்காலர்ஷிப்பு ஒண்ணு இருக்கு, டிகிரி படிக்கறப்ப வருஷம் 12,000, நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும், ஆனா வேற ஸ்காலர்ஷிப் வாங்கறவங்களுக்கு கண்டிஷன் இருக்கு, படிச்சு பாத்துட்டு போடுங்க. சர்டிபிகேட்டு விக்கறவங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க. புள்ளைங்க நெசமாவே என்ன பண்ணுதுன்னு ஒரு நாள் கூட ஒக்காந்து கேளுங்க, எங்களுக்கே வேற ஆளு வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது.

போன வாரம் டிரஸ்ட்லருந்து அந்த டீச்சரம்மா ஃபோன் பண்ணாங்க. லெட்டர எல்லாரும் ஒக்காந்து படிச்சாங்களாம், இந்த வருஷ ஃபார்ம்ல அந்த கேள்விய எப்புடி மாத்தறதுன்னு பேசிட்டு இருக்காங்களாம். இன்னும் முடிவு ஆகல. வீடு பாக்கப் போக ஆள் கொறச்சலா இருக்குது, ஞாயித்துக்கெழம வர முடியுமாப்பான்னு கேட்டாங்க. பென்னாகரம் பக்கம் ரெண்டு வீடு குடுத்திருக்காங்க, வண்டிய சர்வீஸ் விட்டு வெச்சிருக்கேன். மண்டிக்கு போற அந்த பையன்கிட்டயும் கேட்டேன், அண்ணா நானும் வர்றேன்னு சொல்லியிருக்கான்.